எரிவாயுவும் குடிநீரும்: ஒரு தொழில் சங்கம் விதி எழுதிய வரலாறு



காலையில் கடை திறக்கிறோம். வாசல் தெளிக்கத் தண்ணீர் வேண்டும். பக்கத்துத் தேநீர்க் கடையில் அடுப்பு எரிய கேஸ் வேண்டும். மளிகைக் கடையோ, மிட்டாய்க் கடையோ, சிற்றுண்டிச் சாலையோ, பட்டு நூலுக்குச் சாயம் போடும் தொழிற்கூடமோ, எதை எடுத்துக்கொண்டாலும் இந்த இரண்டும் இல்லாமல் ஒரு நாள் நகராது. அரிசியின் ரகம் நமக்குத் தெரியும், பருப்பின் ஈரம் கைபட்டாலே தெரியும். ஆனால் கடைக்குள் வரும் தண்ணீரையும் கேஸையும் பற்றிக் கேட்டால் நம்மில் பலர் விலையை மட்டுமே சொல்வோம். அவற்றுக்கு யார் தரம் வகுக்கிறார்கள், குழாயின் கனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள், அந்த விதிகளுக்குப் பின்னால் என்ன அனுபவம் இருக்கிறது என்பதை நாம் விசாரிப்பதில்லை.

பஞ்சபூதத் தலங்களில் நமது காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் மண்ணுக்கு உரியது. நீருக்குத் திருவானைக்கா, நெருப்புக்குத் திருவண்ணாமலை. நெருப்பையும் நீரையும் ஒரே சங்கத்தின் கீழ் கொண்டுவந்த நாடு ஒன்று உண்டு. அது ஜெர்மனி. 1859-ஆம் ஆண்டு தொடங்கிய அந்த நாட்டின் எரிவாயு, குடிநீர்த் தொழில் சங்கம் இன்றும் இயங்கி வருகிறது. சங்கம் என்ற அமைப்பு என்னென்ன செய்ய முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம் என்பதால், அதன் வரலாற்றையும், நமது நாட்டில் அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதையும், அதிலிருந்து நமது கடைகளுக்கு என்ன பாடம் என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

விளக்கு எரிய வந்த வாயு

இன்று கேஸ் என்றால் அடுப்பு நினைவுக்கு வருகிறது. தொடக்கத்தில் அது விளக்குக்காகவே வந்தது. நிலக்கரியைக் காற்றுப்படாமல் சூடாக்கி, அதிலிருந்து வரும் வாயுவைக் குழாய் வழியே அனுப்பித் தெருவிளக்கு எரித்தார்கள். லண்டனில் 1812-இல் இதற்கென ஒரு கம்பெனி அரச சாசனம் பெற்றது. 1826-இல் பெர்லின் நகரத் தெருக்களில் வாயு விளக்கு எரிந்தது. நமது நாட்டில் 1857-இல் கல்கத்தாவிலும், 1865-இல் பம்பாயிலும் வாயுத் தெருவிளக்குகள் ஏற்றப்பட்டன.

அந்த நிலக்கரி வாயு மிகவும் ஆபத்தானது. தீப்பிடிக்கும் என்பது மட்டுமல்ல, அதில் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு கலந்திருந்தது. குழாய் கசிந்தால் தூங்குகிறவர் தூக்கத்திலேயே இறந்துபோவார். இதைக் கையாளத் தெரிந்தவர்களோ மிகச் சிலர். ஒவ்வொரு ஊரிலும் வாயு ஆலையின் மேலாளர் தமக்குத் தெரிந்த விதத்தில் குழாய் பதித்தார், தமக்குத் தோன்றிய அளவில் மீட்டர் வைத்தார். ஓர் ஊரில் நடந்த விபத்தின் காரணம் அடுத்த ஊருக்குத் தெரிய வழியில்லை.

இந்த நிலையில் 1858-இல் மியூனிக் நகரில் ஷில்லிங் என்ற வாயுப் பொறியாளர் ஒரு தொழில் இதழைத் தொடங்கினார். வாயு விளக்குத் தொழிலின் அனுபவங்களையும், கணக்குகளையும், கோளாறுகளையும் அதில் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, 1859-இல், ஃபிராங்ஃபர்ட் நகரில் வாயுத் தொழில் வல்லுநர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். முதலில் இதழ், பிறகு சங்கம் என்ற இந்த வரிசை கவனிக்கத்தக்கது. ஒருவர் அனுபவம் மற்றவருக்குத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் கூட வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. நம்மைப் போன்ற சங்க இதழ்களின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

1870-இல் குடிநீர்த் தொழிலும் இச்சங்கத்தில் சேர்ந்தது. வாயுவுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். இரண்டும் தெருவுக்கு அடியில் குழாயில் ஓடுகின்றன. இரண்டுக்கும் வார்ப்பிரும்புக் குழாய், வால்வு, மீட்டர், இணைப்பு வேண்டும். பல ஊர்களில் இரண்டையும் கவனித்தவர் ஒரே பொறியாளர். ஒரே தெருவை இரண்டு தடவை தோண்டுவதில் உள்ள சிரமம் காஞ்சிபுரத்து வியாபாரிகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அளவு ஒன்றானால் வியாபாரம் பெருகும்

சங்கத்தின் முதல் பெரிய சாதனைகளில் ஒன்று 1882-இல் நடந்தது. ஜெர்மன் பொறியாளர் சங்கத்துடன் இணைந்து, வார்ப்பிரும்புக் குழாய்களுக்கு ஒரே சீரான அளவுப் பட்டியலை வெளியிட்டார்கள். குழாயின் உள்விட்டம், கனம், இணையும் வாயின் அளவு எல்லாம் அதில் நிர்ணயிக்கப்பட்டன. அதன் பிறகு எந்த வார்ப்பட ஆலையில் வாங்கிய குழாயும் மற்ற ஆலையின் குழாயோடு பொருந்தும் நிலை வந்தது.

எடையும் அளவும் ஊருக்கு ஊர் மாறினால் மொத்த வியாபாரம் நடக்காது என்பதை நாம் நன்கு அறிவோம். படி, மரக்கால், வீசை, மணங்கு என்று இருந்த காலத்திலிருந்து கிலோவுக்கும் லிட்டருக்கும் மாறிய பிறகு வெளியூர்ச் சரக்கில் தகராறு எவ்வளவு குறைந்தது என்பது மூத்த வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். குழாய்க்கும் அதே கதைதான்.

அளவு ஒன்றாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 1904 பிப்ரவரியில் கண்டது. நகரின் வியாபாரப் பகுதியில் பெருந்தீ மூண்டது. வாஷிங்டன் முதலிய ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ரயிலேறி விரைந்து வந்தன. வந்தும் பயன் குறைந்தது. அவர்கள் கொண்டுவந்த ஹோஸ் குழாயின் மரை, பால்டிமோர் தெருக் குழாய்களின் மரையோடு பொருந்தவில்லை. உதவி வந்து நிற்க, தண்ணீர் நிலத்தடியில் இருக்க, கடைகள் எரிந்தன. 1,500-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன. அடுத்த ஆண்டே அந்த நாட்டில் தீயணைப்புக் குழாய் மரைக்குத் தேசிய அளவு வகுக்கப்பட்டது.

மறைத்ததால் வந்த நஷ்டம்

தண்ணீர் விஷயத்தில் வணிகர்கள் அவசியம் அறிய வேண்டிய சம்பவம் 1892-இல் ஹாம்பர்க் துறைமுக நகரில் நடந்தது. அந்த நகரை ஆண்ட சபையில் வணிகக் குடும்பங்களின் கை ஓங்கியிருந்தது. எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமலே குழாயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். மணல் வடிகட்டி அமைக்க வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக இருந்தும், செலவு குறித்த வாதத்தில் அது தள்ளிப்போயிற்று. வேலை தொடங்கியும் முடியவில்லை. 1892 ஆகஸ்டில் காலரா புகுந்தது. சுமார் 8,600 பேர் மாண்டார்கள்.

ஹாம்பர்க்கை ஒட்டியே ஆல்டோனா என்ற ஊர் இருந்தது. அதே ஆற்றின் தண்ணீரைத்தான் குடித்தது. அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு, ஆற்றின் கீழ்ப்பகுதியில் எடுத்த தண்ணீர். ஆனால் ஆல்டோனாவில் மணல் வடிகட்டி இருந்தது. அங்கே காலரா பரவவில்லை என்றே சொல்லலாம். இரண்டு ஊர்களும் சந்திக்கும் தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் சாவும், எதிர்ப்பக்கத்து வீடுகளில் நலமும் இருந்தன. ராபர்ட் கோக் என்ற மருத்துவ அறிஞர் இதை நேரில் கண்டு உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. நோய் வந்தது தெரிந்தும், துறைமுக வியாபாரம் கெடும் என்று அஞ்சி ஹாம்பர்க் நிர்வாகம் அதைச் சில நாட்கள் வெளியிடாமல் தாமதித்தது. உண்மை வெளியானபோது ஹாம்பர்க் கப்பல்களை மற்ற துறைமுகங்கள் ஏற்க மறுத்தன. வியாபாரத்தைக் காக்க மறைத்தார்கள், அதனாலேயே வியாபாரம் படுத்தது. வடிகட்டி 1893-இல் இயங்கத் தொடங்கியது. அதன் பிறகு, குடிநீரை வடிகட்டித்தான் தர வேண்டும் என்பதில் ஜெர்மனியில் யாரும் வாதம் செய்யவில்லை.

கயிற்றோடு சென்ற மணல்

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு இருப்பதைப் பலர் அறியார். 1885-இல் ஆயர் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி வாயு விளக்குக்கு வலைத் திரியைக் கண்டுபிடித்தார். நமது மளிகைக் கடைகளில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு விற்ற ‘மேண்டில்’ அந்த வகைதான். அதற்குத் தோரியம் என்ற பொருள் தேவைப்பட்டது. திருவிதாங்கூர்க் கரையிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் சோதித்தபோது, தோரியம் உள்ள மோனசைட் அதில் இருப்பது தெரிந்தது. அதைத் தொடர்ந்து, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. நமது கயிறு வியாபாரத்தின் வழியே ஜெர்மனியின் விளக்குக்கு ஒளி போயிற்று.

அந்தச் சங்கம் எப்படி இயங்குகிறது?

சுருக்கமாக டி.வி.ஜி.டபிள்யூ. என்று அழைக்கப்படும் இந்தச் சங்கத்தின் தலைமையகம் இப்போது பான் நகரில் உள்ளது. குடிநீர், எரிவாயு நிறுவனங்களும், கருவி தயாரிப்பாளர்களும், தனிப்பட்ட பொறியாளர்களும் உறுப்பினர்கள். இதன் வேலைகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது விதி எழுதுதல். வீட்டுக்குள் கேஸ் குழாய் எப்படிப் பதிக்க வேண்டும், கிணற்றைச் சுற்றி எவ்வளவு தூரம் பாதுகாக்க வேண்டும் என்பன போன்றவற்றுக்குத் தொழில் விதிகள் இருக்கின்றன. துறை அறிந்தவர்கள் குழுவாக அமர்ந்து வரைவு எழுதுகிறார்கள். வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறார்கள். வந்த ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே விதி முடிவாகிறது.

இரண்டாவது சோதித்து முத்திரை தருதல். அடுப்பு, வால்வு, மீட்டர், குழாய் ஆகியவை விதிப்படி உள்ளனவா என்று பார்த்துச் சான்று தருகிறார்கள். நமது ஊரில் பட்டு வாங்க வருபவர்கள் ‘சில்க் மார்க்’ அட்டை இருக்கிறதா என்று கேட்பதைப் போல இது. மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் சில்க் மார்க் தொடங்கியது. 2005-இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. முத்திரை இல்லாத காலத்தில் நல்ல சரக்கு வைத்திருப்பவரும் கலப்படச் சரக்கு வைத்திருப்பவரும் வாங்குபவர் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தார்கள். முத்திரை வந்ததால் நல்ல சரக்குக்காரர்தான் லாபம் அடைந்தார்.

மூன்றாவது ஆராய்ச்சியும் பயிற்சியும். கார்ல்ஸ்ரூ நகரில் 1907-இல் வாயுத் தொழிலுக்கென ஒரு பயிற்சி, சோதனை நிலையம் ஏற்பட்டது. இன்றும் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. குழாயில் ஹைட்ரஜனை அனுப்ப முடியுமா என்பது இப்போதைய ஆராய்ச்சிகளில் ஒன்று.

நான்காவது சட்டத்தோடு உள்ள உறவு. இதுதான் முக்கியம். ஜெர்மனியின் எரிசக்திச் சட்டத்தில், வாயுக் கருவிகள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்பட்டுள்ளது. அந்தச் சங்கத்தின் தொழில் விதிகளைக் கடைப்பிடித்திருந்தால், உரிய முறையில் செய்ததாகச் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அரசு இலக்கைச் சொல்கிறது, அதை அடையும் வழியைத் தொழில் அறிந்தவர்கள் எழுதுகிறார்கள். விதியைக் கடைப்பிடித்தவருக்கு நீதிமன்றத்தில் அது கேடயமாகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விலை, வரி, அரசிடம் கோரிக்கை ஆகியவற்றை அங்கே வேறு சங்கங்கள் கவனிக்கின்றன. தரத்தையும் பாதுகாப்பையும் பேசும் சங்கம் லாபக் கணக்கைப் பேசுவதில்லை. பேசினால் அதன் விதியை யாரும் நம்ப மாட்டார்கள் என்ற எண்ணமே காரணம்.

பிற நாடுகளிலும் இத்தகைய சங்கங்கள் உண்டு. பிரிட்டனில் வாயு மேலாளர்களின் சங்கம் 1863-இல் தோன்றியது. அமெரிக்கக் குடிநீர்த் துறைச் சங்கம் 1881-இல் செயின்ட் லூயிஸ் நகரில் 22 பேர் கூடித் தொடங்கியது.

நமது நாட்டில்

நீருக்கு விதி எழுதுவது நமக்குப் புதிதல்ல. நமது மாவட்டத்து உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்து வாரியங்கள் அமைத்தார்கள். அவற்றில் ஏரி வாரியம் ஒன்று. வயது 35-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவரது நெருங்கிய உறவினரும் போட்டியிடக் கூடாது. கடந்த 3 ஆண்டுகளில் வாரியம் செய்தவருக்கு மறுபடியும் இடமில்லை. பதவிக்காலம் 360 நாட்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்த விதிகளை இன்றைய சங்கத் தேர்தல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை வாசகர்களிடமே விட்டுவிடுகிறோம்.

நவீன காலத்தில் சென்னைக்கு 1772-இல் ஏழுகிணறு வந்தது. 1872-இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் வந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்தது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971 ஏப்ரலிலும், சென்னைக் குடிநீர் வாரியம் 1978-லும் அமைக்கப்பட்டன. நமது காஞ்சிபுரத்துக்கு ஓரிக்கை, திருப்பாற்கடல் போன்ற இடங்களின் ஆற்றுப்படுகை நீரே ஆதாரமாக இருந்து வந்துள்ளது. பாலாறும் வேகவதியும் பெரும்பாலான நாட்களில் மேலே மணலாகத் தெரிந்தாலும், அடியில் ஊறும் நீர்தான் ஊரைக் காத்தது.

ஜெர்மன் சங்கத்துக்கு ஓரளவு ஒப்பாகச் சொல்லத்தக்கது இந்தியக் குடிநீர்த் துறைச் சங்கம். 1968-இல் தொடங்கிய இதன் தலைமையகம் மும்பை. பொறியாளர்கள் கூடி அனுபவங்களைப் பகிரும் அமைப்பு, காலாண்டு இதழும் நடத்துகிறது. ஆனால் விதி எழுதும் அதிகாரம் நமது நாட்டில் பெரும்பாலும் அரசு அமைப்புகளிடம் உள்ளது. 1947-இல் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் தோன்றியது. அது வகுத்ததே ஐ.எஸ்.ஐ. முத்திரை. 1987 முதல் அந்தப் பணி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பொறுப்பு. குடிநீருக்கான 10500 எண் தரம் 1983-இல் முதலில் வெளியாகிப் பின்னர் திருத்தப்பட்டது. சிலிண்டர்களுக்கு நாக்பூரில் உள்ள வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு விதி செய்கிறது. எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் 1986-இல் ஏற்பட்டது. குழாய் எரிவாயுவை முறைப்படுத்த 2006-இல் தனிச் சட்டம் வந்தது.

நமது நாட்டில் சமையல் கேஸ் 1955-இல் பர்மா ஷெல் கம்பெனி மூலம் பம்பாயில் அறிமுகமானது. 1965-இல் இந்தியன் ஆயில் ‘இண்டேன்’ பெயரில் கல்கத்தாவில் தொடங்கியது. எண்பதுகளில் ஓர் இணைப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருந்ததை மறந்திருக்க மாட்டோம். 2018-இல் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் நகர எரிவாயு விநியோக உரிமை வழங்கப்பட்டது. கொல்கத்தாவில் 1857-இல் தெருவுக்கு அடியில் ஓடிய வாயுக் குழாய், வேறு வடிவில் நமது தெருக்களுக்கும் வரும் காலம் இது.

நமது கடைக்கு என்ன?

2022 செப்டம்பரில் நமது மாவட்டத்துத் தேவரியம்பாக்கத்தில் சிலிண்டர் கிடங்கில் மூண்ட தீயில் பல உயிர்கள் போயின. எனவே இது தூர தேசத்து விஷயம் அல்ல. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் உள்ள காரணத்தைத் தெரிந்துகொண்டால் கடைப்பிடிப்பது எளிது.

சமையல் கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காக எதில் மெர்கேப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். 1937-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில் வாசனையில்லாத வாயு கசிந்து வெடித்ததில் ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். வாசனை கலப்பது கட்டாயமானது அதன் பிறகுதான். ஆகவே நாற்றம் வந்தால் அதை எச்சரிக்கை மணியாகக் கொள்ள வேண்டும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். கசிவைச் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவும், பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஆகவே நிலவறையில் சிலிண்டர் வைக்கக் கூடாது. தரைமட்டத்தில் காற்றோட்டம் இருக்க வேண்டும். சிலிண்டரைப் படுக்கவைக்கக் கூடாது.

சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையில் ஆங்கில எழுத்தும் ஆண்டும் பொறித்திருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். அந்தக் காலாண்டுக்குள் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும் என்று பொருள். தேதி கடந்த சிலிண்டரைத் திருப்பி அனுப்பலாம். காலி சிலிண்டரின் எடையும் அதிலேயே இருக்கும். அதோடு வீட்டு உபயோகத்துக்கு 14.2 கிலோ, வணிக உபயோகத்துக்கு 19 கிலோ சேர்ந்து இருக்கிறதா என்று நிறுத்து வாங்குவது நமது உரிமை. நாள் முழுதும் தராசு பிடிக்கும் நாம் இதில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

வீட்டு சிலிண்டரைக் கடையில் எரிப்பது 2000-ஆம் ஆண்டு எரிவாயு விநியோக ஆணைப்படி குற்றம். பிடிபட்டால் பறிமுதலும் வழக்கும் உண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீடு கோருவதிலும் சிக்கல் எழும். உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் 100 கிலோ வரையே கேஸ் வைக்கலாம். 19 கிலோ சிலிண்டர் ஐந்து வைத்தாலே 95 கிலோ ஆகிவிடுகிறது. 5 கிலோ சிறிய சிலிண்டர்களை மளிகைக் கடைகள் வழியாகவும் விற்க எண்ணெய் நிறுவனங்கள் ஏற்பாடு செய்துள்ளதால், அதை எடுத்து விற்கும் நமது உறுப்பினர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைக்க வேண்டும்.

இனி தண்ணீர். குழாய் நீரில் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது தரம். வழியில் அழுக்குச் சேர்ந்தால் அதை அழிக்க இந்த மிச்சம் வேண்டும். நமது தொட்டியில் பல நாள் தேங்கினால் அது ஆவியாகிப் போய்விடும். தொட்டியைக் காலமுறையில் கழுவ வேண்டும். கிணற்று நீர், லாரி நீர் ஆகியவற்றுக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்தலாம். ‘நல்ல’ என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் நாளடைவில் வீரியம் இழக்கும். இதை விற்பவர்களும் நாமே என்பதால், மூட்டையைப் பிரித்து மாதக்கணக்கில் திறந்தபடி வைத்து விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

கேன் தண்ணீர் விற்பவர்களுக்கு: 2001-இல் ஐ.எஸ்.ஐ. சான்று கட்டாயமாக்கப்பட்டது. 2024 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனது விதியிலிருந்து அந்தக் கட்டாயத்தை நீக்கியது. ஆனால் அதே ஆண்டில் அடைக்கப்பட்ட குடிநீரை அதிக அபாயமுள்ள உணவு வகையில் சேர்த்து, ஆய்வையும் தணிக்கையையும் கடுமையாக்கியது. கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. மூடி முத்திரை, தயாரிப்புத் தேதி, உரிம எண் மூன்றையும் பார்த்து இறக்க வேண்டும். கேனை வெயிலில் அடுக்கக் கூடாது.

நமது சங்கம் செய்யக்கூடியது

2019-இல் அத்திவரதர் வைபவத்தின் 48 நாட்களில் நமது ஊர் எத்தனை கூட்டத்தைக் கண்டது என்பதை அறிவோம். அந்த நாட்களில் ஒரு தெருவில் தண்ணீர் கெட்டிருந்தாலோ ஒரு கடையில் சிலிண்டர் வெடித்திருந்தாலோ பாதிப்பு அந்தக் கடையோடு நின்றிருக்காது. காஞ்சிபுரம் என்ற பெயருக்கே அது களங்கமாகியிருக்கும். ஹாம்பர்க் துறைமுகத்துக்கு நேர்ந்தது அதுதான்.

சங்கம் என்றால் வரி உயர்வைக் கண்டிப்பதும், கடையடைப்பு அறிவிப்பதும், அதிகாரிகளைச் சந்தித்து மனு கொடுப்பதும் என்று பழகிவிட்டோம். அவை வேண்டியவையே. அதோடு நமக்கு நாமே விதி எழுதும் வேலையையும் சங்கம் ஏற்கலாம். ஒரு பக்கத்தில் அடங்கும் பத்து விதிகள் போதும். வரைவை எல்லா உறுப்பினருக்கும் அனுப்பி ஆட்சேபம் கேட்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை கேஸ் டியூபும் தண்ணீர்த் தொட்டியும் பார்க்கத் தெருவுக்கு இருவரை நியமிக்கலாம். சரியாக உள்ள கடைக்குச் சங்கத்தின் அட்டை தரலாம். சிறு விபத்து நேர்ந்தால் கடைப் பெயரைச் சொல்லாமல் காரணத்தை மட்டும் இவ்விதழில் வெளியிடலாம்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் வரும் என்பதை எதிர்பார்க்கிறோம். முதலாவது, நாமே எழுதிய விதியைக் காட்டி அதிகாரிகள் நம்மையே மடக்குவார்களே என்பது. இந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் சட்டமே சங்க விதிக்கு மதிப்புத் தருகிறது, இங்கே அப்படி இல்லை. ஆனால் சட்டம் ஏற்கனவே கேட்பதைத்தான் நாம் எளிய தமிழில் எழுதப்போகிறோம். எழுதாமல் விட்டால் சட்டம் இல்லாமல் போகாது. ஆய்வாளர் வரும்போது அதை முதல் தடவையாகத் தெரிந்துகொள்வோம், அவ்வளவே.

இரண்டாவது, பெரிய கடைக்காரர்கள் தமக்கு வசதியான விதிகளை எழுதிச் சிறு கடைகளை நெருக்குவார்கள் என்பது. இதுவும் உலகெங்கும் தொழில் சங்கங்களின் மீது சொல்லப்படும் குறைதான். அதற்கு மருந்து உத்திரமேரூரில் இருக்கிறது. விதிக் குழுவில் தள்ளுவண்டிக்காரர் முதல் மொத்த வியாபாரி வரை இடம்பெற வேண்டும், இருந்தவர்களே தொடர்ந்து இருக்கக் கூடாது, கணக்கைக் காட்டியாக வேண்டும். செலவு வைக்கும் விதி எதுவானாலும், மிகச் சிறிய கடையால் அதைத் தாங்க முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும்.

கேஸ் டியூபின் விலை சில நூறு ரூபாய். தொட்டி கழுவ அரை நாள் கூலி. இந்த அளவு செலவில் தடுக்கக்கூடிய இழப்புக்கு நமது கடையும் உழைப்பும் உயிரும் ஈடு. அடுத்த பொதுக்குழுவில் இந்தப் பொருளைப் பேச எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிகிறோம். உறுப்பினர்கள் தங்கள் கருத்தையும், விதிப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாகத் தோன்றுவதையும் எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். அதற்கு முன்பாக, இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய்ச் சிலிண்டரில் உள்ள எழுத்தையும் ஆண்டையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.